'அவாரி' என்றால் கெட்டுப்போனதா, 'ஆவரேஜ்' என்றால் சராசரியா?

புதுச்சேரியில் கணவருடன் சேர்ந்து பேக்கரி நடத்தும் ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

கடையை விரிவாக்குவதற்காகப் பிரான்ஸிலிருந்து ஒரு பெரிய ரொட்டி அடுப்பும் மாவு பிசையும் மிஷினும் வாங்கியிருக்கிறார்கள். விலை, 'சி.ஐ.எஃப். சென்னை' என்ற கணக்கில் 38 லட்சம் ரூபாய். வரும் வழியில், அதே கப்பலில் யாரோ ஒருவருடைய கன்டெய்னரில் தீப்பிடித்திருக்கிறது. தீயை அணைத்து, கப்பலை வேறொரு துறைமுகத்துக்கு இழுத்துப்போய், இவர்களுடைய கன்டெய்னரை இன்னொரு கப்பலில் ஏற்றி ஒருவழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அடுப்புக்குச் சேதம் ஏதும் இருப்பதாகத் தகவல் இல்லை. ஆனால் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்திருப்பதாகவும், 'பாண்ட்' என்ற உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதமோ அல்லது ரொக்க டெபாசிட்டோ கொடுத்தால்தான் சாமானை விடுவிப்போம் என்றும் கடிதம் வந்திருக்கிறது. டெபாசிட் மொத்தம் 18 சதவீதம், அதாவது 6 லட்சத்து 84 ஆயிரம்.

பிரெஞ்சு வியாபாரி தன் மின்னஞ்சலில் 'அவாரி கொம்யூன்' என்று எழுதியிருக்கிறார். வீட்டில் உள்ள மாமா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதைப் படித்துவிட்டு "அவாரியேன்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், அடுப்பு போச்சு" என்று தலையில் கை வைத்துவிட்டாராம். காலேஜில் படிக்கும் மகன், "ஆவரேஜ்னா சராசரி. எல்லா கன்டெய்னர் சேதத்தையும் கூட்டி வகுத்திருப்பாங்க, நம்ம சேதம் பூஜ்யம்னு எழுதி அனுப்பினா போதும்" என்கிறார். கணவருக்கு இது மோசடியோ என்று சந்தேகம். "நாங்கள் இன்சூரன்ஸும் எடுக்கவில்லை. இந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்? அடுத்தவர் சாமான் எரிந்ததற்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வோமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் மாமாவைச் சமாதானப்படுத்துங்கள். அவருடைய பிரெஞ்சில் தப்பில்லை. சந்தைக்குப் போய் 'அவாரியே' என்றால் கெட்டுப்போன இறைச்சிதான். உங்கள் மகனுடைய ஆங்கிலத்திலும் தப்பில்லை. இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு கிளைகள். உங்களுக்கு வந்திருக்கும் கடிதத்தில் இருப்பது இரண்டுக்கும் மூத்தது. நான் இந்தக் கப்பல் சரக்குத் தொழிலுக்கு வந்த புதிதில், என் சீனியர் ஒரு ஆவணக் கட்டைக் கொடுத்து "ஆவரேஜ் எவ்வளவுன்னு பார்" என்றார். கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதனால் உங்கள் மகனைக் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை.

சொல் வந்த வழி

பெரும்பாலான அகராதிகள் இதை அரபியில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. 'அவார்' என்றால் பழுது, சரக்கில் ஏற்பட்ட சேதம். மத்தியதரைக் கடல் வியாபாரிகள் வாயில் அது இத்தாலியில் 'அவாரியா' ஆயிற்று, பிரெஞ்சில் 'அவாரி' ஆயிற்று. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, 'டேமேஜ்' போன்ற சொற்களின் வால் ஒட்டிக்கொண்டு 'ஆவரேஜ்' ஆனது. அப்போதும் அர்த்தம் கடல் சேதம்தான், அதை ஒட்டி வரும் செலவுதான். கடலில் ஏற்பட்ட நஷ்டத்தைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்களும் அவரவர் மதிப்புக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வார்கள். இந்தப் பிரித்துக்கொள்வதிலிருந்துதான், 18-ஆம் நூற்றாண்டில், 'கூட்டி வகுத்து வரும் எண்' என்ற கணக்குப் பாட அர்த்தம் பிறந்தது. கணக்கு வாத்தியார் கடல்காரரிடம் கடன் வாங்கிய சொல் இது.

நம்முடைய 'சராசரி' வேறு வீட்டுப் பிள்ளை. பாரசீகத்தில் 'சராசர்' என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. உருது வழியாக நம்மிடம் வந்தது. அதற்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே 'ஜெனரல் ஆவரேஜ்' என்பதைப் 'பொதுச் சராசரி' என்று மொழிபெயர்த்தால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. நான் 'பொதுச் சேதப் பங்கு' என்று எழுதுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் குழப்பத்தில் மாட்டவில்லை. சராசரிக்கு 'முவாயேன்' என்று தனிச் சொல் வைத்துக்கொண்டு, 'அவாரி'யைச் சேதத்துக்கே விட்டுவிட்டார்கள். 1681-இல் பதினான்காம் லூயி காலத்தில் வந்த கடல் சட்டத்திலேயே 'அவாரி'க்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. எல்லாருக்கும் பொதுவான அவாரி, ஒருவருக்கு மட்டுமான அவாரி என்று அங்கேயே பிரித்துவிட்டார்கள். உங்களுடையது பொதுவான வகை. 'கொம்யூன்' என்பதற்கு அதுதான் பொருள்.

இதே சொல்லின் இன்னொரு பேரனை நீங்கள் பார்த்திருக்கலாம். கடைக்கு எடுத்த தீ விபத்துப் பாலிசியில் 'ஆவரேஜ் கிளாஸ்' என்று ஒரு வரி இருக்கும். 20 லட்சம் பெறுமான சரக்கை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், நஷ்டத்தில் பாதிதான் தருவார்கள். மீதிப் பாதியை நீங்களே சுமக்க வேண்டும். அங்கேயும் நஷ்டத்தைப் பங்கு போடுவதுதான் விஷயம்.

கீறல் விழாத அடுப்புக்கு ஏன் பணம்?

இதுதான் உங்கள் மனதைக் குடைகிற கேள்வி. தேங்காய்த்திட்டிலிருந்து நாலு பேருடைய சாமானை ஏற்றிக்கொண்டு ஒரு படகு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். புயலில் தண்ணீர் ஏறுகிறது. பாரத்தைக் குறைக்காவிட்டால் எல்லாம் மூழ்கும். கைக்கு எட்டியது முருகன் மூட்டைகள்தான் என்பதால் அவற்றைத் தூக்கிக் கடலில் போட்டார்கள். படகும் மற்ற மூவரின் சாமானும் கரை சேர்ந்தன. கரையில் இறங்கி, "என் சாமானுக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் வருகிறேன்" என்று மற்றவர்கள் நடையைக் கட்டினால் முருகன் சும்மா விடுவாரா? எல்லாருக்காகவும் போனதை எல்லாரும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். ரோட்ஸ் தீவின் பழைய கடல் வழக்கம் இது. 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுத்த ரோமானியச் சட்டத்திலேயே, அந்தத் தீவின் பெயரைச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் தொகுப்பில் கடலூர்க்காரர்களுக்கும் நமக்கும் சட்டென்று புரியும் ஒரு வழக்கு இருக்கிறது. பாரமான கப்பல் ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழைய முடியவில்லை. கொஞ்சம் சரக்கைப் படகில் இறக்கி விடுகிறார்கள். படகு கவிழ்ந்துவிடுகிறது, கப்பல் பத்திரமாக உள்ளே வருகிறது. படகில் போன சரக்கின் நஷ்டம் யாருடையது? கப்பலைக் காப்பாற்றத்தான் அதை இறக்கினார்கள், ஆகவே எல்லாரும் பங்கு தர வேண்டும் என்கிறது ரோமானியச் சட்டம். பழைய பாண்டிச்சேரியில் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, சலங்கு என்ற படகில்தான் அலையைத் தாண்டிச் சரக்கு வரும். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் படகை 'ஷெலாங்கு' என்றே எழுதினார்கள். நாம் அவர்களிடம் 'அவாரி' வாங்கினோம், அவர்கள் நம்மிடம் சலங்கு வாங்கினார்கள். கணக்கு சரியாகிவிட்டது.

இன்று இந்த வழக்கத்தை உலகம் முழுக்க ஒரே மாதிரி கடைப்பிடிக்க 'யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகள்' இருக்கின்றன. 1864-இல் யார்க்கிலும் 1877-இல் ஆன்ட்வெர்ப்பிலும் கூடிப் பேசியதால் அந்தப் பெயர். 1974, 1994, 2016 என்று பல பதிப்புகள் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பது பில் ஆஃப் லேடிங்கின் (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்) பின்பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் இருக்கும். சாரம் இதுதான்: பொதுவான ஆபத்து இருக்க வேண்டும், எல்லாருடைய சொத்தையும் காப்பாற்ற, தெரிந்தே, நியாயமான அளவில், வழக்கத்துக்கு மீறிய இழப்பையோ செலவையோ ஏற்றிருக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். எரிந்துபோன கன்டெய்னர்காரருக்கு நீங்கள் பணம் தரப்போவதில்லை. தீ தானாக வந்தது, யாரும் எல்லாருக்காகவும் வைத்ததில்லை. ஆகவே எரிந்ததும் புகை பட்டதும் அவரவர் நஷ்டம். ஆனால் அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரில் நனைந்த சரக்கு, கப்பலை ஒதுக்குத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன செலவு, அங்கே சரக்கை இறக்கி ஏற்றியது, இவையெல்லாம் பொதுக் கணக்கில் வரும். கடலூரில் பருப்பு இறக்குமதி செய்யும் ஒருவரின் கன்டெய்னரைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். பர்மா உளுந்து. தீ பக்கத்திலேயே வரவில்லை, தண்ணீர் மட்டும் புகுந்திருந்தது. கதவைத் திறந்ததும் மூன்று நாள் புளித்த இட்லி மாவு வாசனை. மூட்டைகள் ஊதி, தையல் பிரிந்து, முளைவிட்ட உளுந்து வெள்ளையாகத் தலை நீட்டியது. நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பகுதி இப்படிப்பட்டவருக்குத்தான் போகும். அவரும் தன் பங்கைக் கட்டிவிட்டுத்தான் வாங்குவார்.

18 சதவீதம் என்பது பில் இல்லை

கடிதத்தை நன்றாகப் பாருங்கள். 6 சதவீதம் பொதுச் சேதப் பங்குக்கு, 12 சதவீதம் மீட்பு வேலை செய்தவர்களுக்கு. இரண்டும் தனித்தனிக் கணக்கு, தனித்தனித் தாள். இரண்டுமே ஜாமீன் தொகை. உண்மையான பங்கைக் கணக்கிடுபவர் 'ஆவரேஜ் அட்ஜஸ்டர்' என்ற நிபுணர். மொத்தச் செலவு 10 கோடி, காப்பாற்றிய கப்பலும் சரக்கும் சேர்ந்து 200 கோடி மதிப்பு என்றால் பங்கு 5 சதவீதம். உங்கள் 38 லட்சத்துக்கு 1 லட்சத்து 90 ஆயிரம். இது புரிவதற்காக நான் போட்ட கணக்கு, உங்கள் கப்பலின் கணக்கல்ல. உண்மைக் கணக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகும். முன்கூட்டியே தெரியாது என்பதால்தான் டெபாசிட்டைத் தாராளமாக வைக்கிறார்கள். மிச்சம் திரும்பி வரும்.

18 சதவீதம் கொள்ளை என்று தோன்றலாம். 2018 மார்ச்சில் அரபிக்கடலில் தீப்பிடித்த மெர்ஸ்க் ஹோனம் கப்பலில் மீட்புக்கு 42.5, பொதுச் சேதப் பங்குக்கு 11.5, ஆக 54 சதவீதம் ஜாமீன் கேட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் சரக்கின் பாதி விலைக்கு மேல் ரொக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. 2021-இல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய எவர் கிவன் கப்பலிலும் இதே அறிவிப்புதான்.

மோசடியோ என்று உங்கள் கணவர் சந்தேகப்பட்டது நல்லது. கடிதத்தில் உள்ள கப்பல் பெயர், பில் ஆஃப் லேடிங் எண், கன்டெய்னர் எண் மூன்றையும் உங்கள் ஆவணங்களோடு ஒப்பிடுங்கள். பிறகு, கடிதத்தில் உள்ள நம்பருக்கு இல்லாமல், ஷிப்பிங் லைனின் சென்னை அலுவலகத்துக்கு நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று நடுவில் ஒரு மின்னஞ்சல் வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

இன்சூரன்ஸ் இல்லை என்கிறீர்களே

உங்கள் கடிதத்தில் நான் மிகவும் சந்தோஷப்பட்ட வரி 'சி.ஐ.எஃப். சென்னை' என்பது. 'சி' சரக்கின் விலை, 'எஃப்' கப்பல் கூலி, நடுவில் உள்ள 'ஐ' இன்சூரன்ஸ்தான். அந்த முறையில் விற்றால் சரக்குக்குக் காப்பீடு எடுத்துத் தருவது விற்பவரின் கடமை. அதற்கான பணத்தை விலையோடு சேர்த்து நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். வங்கி கொடுத்த ஆவணக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் எல்லாவற்றுக்கும் அடியில் 'இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட்' என்று ஒரு தாள் இருக்க வேண்டும். விற்றவர் அதன் பின்பக்கம் கையெழுத்திட்டு உங்கள் பெயருக்கு மாற்றியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

அந்தக் காப்பீடு ஆகக் குறைந்த 'சி' வகையாகவே இருக்கலாம். பரவாயில்லை. ஏ, பி, சி மூன்று வகை சரக்குப் பாலிசியிலும் பொதுச் சேதப் பங்கும் மீட்புச் செலவும் அடக்கம். அடுப்புக்கு அடி பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 'சேதம் இல்லையே, இன்சூரன்ஸ் எப்படித் தருவான்' என்று பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் இழப்பது இங்கேதான்.

சர்டிஃபிகேட்டில் இந்தியாவில் தொடர்புகொள்ள வேண்டிய ஏஜென்டின் பெயர் இருக்கும். அவருக்கு அட்ஜஸ்டரின் கடிதம், இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், சர்டிஃபிகேட் நகல்களை இன்றே அனுப்பி, இரண்டு கணக்குக்கும் உத்தரவாதக் கடிதம் கேளுங்கள். அது வந்துவிட்டால் நீங்கள் ரொக்கம் கட்ட வேண்டியதில்லை. ஒரே எச்சரிக்கை: காப்பீட்டுத் தொகை சரக்கின் மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் மேலே சொன்ன ஆவரேஜ் கிளாஸ் மாதிரிதான், அந்த விகிதத்தில் மிச்சம் உங்கள் தலையில்.

தாள் கட்டில் இல்லையென்றால் விற்றவரைக் கேளுங்கள். அவர் காப்பீடே எடுக்கவில்லை என்றால் ஒப்பந்தத்தை மீறியது அவர். அதனால் உங்கள் தலையில் விழும் பங்கை அவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தச் சண்டை முடியும் வரை அடுப்பு துறைமுகத்தில் நிற்கக் கூடாது. கட்டி எடுத்துவிட்டுச் சண்டை போடுங்கள். ரொக்கமாகக் கட்டினால் டெபாசிட் ரசீதை நகைப் பெட்டியில் வையுங்கள். மூன்று வருஷம் கழித்து மிச்சப் பணம் வரும்போது அசல் ரசீதைத்தான் கேட்பார்கள்.

பாண்டும், கையெழுத்தும்

வழக்கமான ஆவரேஜ் பாண்டில் நீங்கள் ஒப்புக்கொள்வது, 'முறைப்படி, சட்டப்படி என் பங்கு என்று பின்னால் முடிவாகும் தொகையைத் தருகிறேன்' என்பதை மட்டும்தான். கேட்டதையெல்லாம் தருவதாக அதில் இல்லை. கப்பல்காரர்மேல் தப்பு இருந்தால் அதைக் கிளப்பும் உரிமையும் போய்விடாது. கப்பல் புறப்படும்போதே கடலுக்குத் தகுதியில்லாமல் இருந்தது, அதற்கு உரிய அக்கறை எடுக்கவில்லை என்று நிரூபித்தால் பங்கு தர மறுக்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கடல்சார் வழக்கு அதிகாரம் உண்டு. 2017-ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டத்தில் பொதுச் சேதப் பங்குத் தகராறும் வருகிறது. ஆனாலும் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்கிறேன்: ஒரு அடுப்புக்காக நீங்கள் தனியாக அந்த வழக்கைப் போடுவது வீண். என்ஜின் ரூம் பதிவேடு முதல் தீயணைப்புக் கருவி சோதனை வரை எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். அதை இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து செய்யும், அவர்களிடம் விட்டுவிடுங்கள். உங்கள் பங்குக்கு, பாண்டோடு அனுப்பும் கடிதத்தில் 'என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் கையெழுத்திடுகிறேன்' என்று ஒரு வரி சேருங்கள்.

கையெழுத்தே போடாமல் இருந்தால் என்ன ஆகும்? பங்குக்கு ஜாமீன் கிடைக்கும் வரை சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கப்பல்காரருக்கு உரிமை உண்டு. நாள் வாடகை ஏறும். இறக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை, உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சுங்கச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி விற்கவும் வழி இருக்கிறது. உங்கள் மகன் சொன்ன 'சேதம் பூஜ்யம்' கடிதம் நிலைமையை இன்னும் மோசமாக்கும். சேதமில்லாத சரக்கின் மதிப்பு முழுசாக இருக்கும், அதனால் பங்கும் முழுசாக வரும்.

கடைசியாக, கன்டெய்னர் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஆர்வத்தில் சீலை உடைத்துவிடாதீர்கள். இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் சொல்லி, சரக்கின் சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் ஒரு சர்வேயரை வரவழைத்து, அவர் முன்னால் திறந்து, சீல் எண் தெரியும்படி படம் எடுங்கள். புகை வாசனை இருக்கிறதா, அடுப்பின் மின் பலகையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே தெரியாத சேதம் இருந்தால் சரக்கைப் பெற்ற மூன்று நாளுக்குள் ஷிப்பிங் லைனுக்கு எழுதிவிட வேண்டும். மாமாவையும் பக்கத்தில் நிற்க வையுங்கள், கெட்டுப்போனதா இல்லையா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.